அரைக்காது ரசிகர்

பாட்டைப் பற்றி நம் பத்திரிகைகளில் வருகிற விமரிசனங்களை எழுதுகிறவர்கள், ஆலாபனை தொடங்கியவுடன் ராகத்தின் பெயரைச் சொல்லிவிடக் கூடியவர்களாகவோ, இன்ன படம் இன்ன வருஷம், இசை இன்னார், பாடினவர் இன்னார் என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்கக் கூடியவர்களாகவோ இருக்கிறார்கள். ஆனால் சினிமாப் பாட்டு என்னும் மாபெரும் வியாபாரத்தை முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகத் தம் தோளில் சுமந்துகொண்டிருப்பவரோ, அடுப்பில் சாம்பார் கொதிக்கும்போதும், மின்சார ரயிலின் வாசலில் தொங்கும்போதும், தையல் மிஷினை மிதிக்கும்போதும் அரைக் காதால் பாட்டைக் கேட்டு, அதன் வரிகளில் பாதியைத் தப்பாக முணுமுணுத்து, அடுத்த மாதம் அதை மறந்தும் போகிற சாமான்ய மனிதர்தாம். அவருக்கும் அபிப்பிராயங்கள் உண்டு; அவற்றை அவர் பக்கத்து வீட்டுத் திண்ணை தாண்டி எங்கும் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை.

அவரைக் கவனிப்பதற்குப் பம்பாயின் மாஹிமைவிட வசதியான இடம் அதிகம் இல்லை என்பது, இங்கே குடியிருக்கிற காரணத்தால் எனக்கு ஏற்பட்ட பட்சபாதமாகவும் இருக்கலாம். மேற்கு ரயில்வேயின் மெதுவண்டியும் ஹார்பர் லயன் வண்டியும் சந்திக்கிற மாஹிம் ஜங்ஷனில் கிழக்குப் பக்கம் இறங்கினால், தோல் பதனிடும் தொழிலை நம்பித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வரத் தொடங்கியவர்களின் பேரர்களும் கொள்ளுப்பேரர்களும் வாழ்கிற தாராவி. மேற்குப் பக்கம் போனால், பதினைந்தாம் நூற்றாண்டில் மறைந்த மக்தூம் அலி மாஹிமி என்னும் சூஃபி ஞானியின் தர்கா, புனித மைக்கேல் தேவாலயம், கோலி மீனவர்களின் குடியிருப்பு, அதற்கப்பால் கடல். ஹார்பர் லயனில் ஒரே ஒரு ஸ்டேஷன் தள்ளிப் போனால் கிங்ஸ் சர்க்கிள், அங்கிருந்து மாதுங்காவின் காபிக் கடைகளும் ஷண்முகானந்தா சபையும். தர்காவின் கவ்வாலியும் கோயில் மணியோடு சேர்ந்த பஜனையும், கிறிஸ்தவர்களின் ஞானப்பாட்டும், கோலியர்களின் மராத்திப் பாட்டும், தியாகராஜ கீர்த்தனையும், ரஜினிகாந்த் படத்தின் அறிமுகப் பாட்டும் சுற்றிச் சுற்றி வருகிற இந்தச் சிறு வட்டத்துக்குள் குடியிருப்பவர் எந்தப் பாட்டையும் தேடிப் போக வேண்டியதில்லை; எந்தப் பாட்டிலிருந்தும் தப்பித்துக்கொள்ளவும் முடியாது.

இந்த இரண்டாவது பாதிதான் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. பாட்டைத் தாமே தேர்ந்தெடுத்துக் கேட்பவர் விஷயம் வேறு. சாமான்ய ரசிகருக்கு அந்தப் பாக்கியம் வெகு காலம் கிடைக்கவில்லை. அவருடைய சரித்திரம் என்று ஒன்றை எழுதப் புகுந்தால், அவர் கேட்க வேண்டிய பாட்டை அவருக்குப் பதிலாக வேறு யார் யார் தேர்ந்தெடுத்தார்கள் என்பதையே எழுத வேண்டியிருக்கும்.

சுதந்திரத்துக்குப் பின் அந்தப் பொறுப்பை முதலில் ஏற்றுக்கொண்டது சர்க்கார். 1952இல் மத்திய செய்தி ஒலிபரப்பு மந்திரியாக வந்த பி. வி. கேஸ்கர், சாஸ்திரீய சங்கீதத்தில் ஆழ்ந்த பக்தி கொண்டவர். சினிமாப் பாட்டு ஜனங்களின் ருசியைக் கெடுக்கிறது என்பது அவருடைய திடமான எண்ணம். அந்த எண்ணத்தோடு, படத் தயாரிப்பாளர்களுடன் மூண்ட தகராறும் சேர்ந்துகொள்ளவே, ஆகாசவாணியில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய அற்றுப்போயிற்று. ஜனங்கள் என்ன செய்தார்கள்? மந்திரியோடு வாதாடவில்லை, மனு எழுதவில்லை, ரேடியோவின் திருகைக் கொஞ்சம் திருப்பி, இலங்கை வானொலியைப் பிடித்துக்கொண்டார்கள். நல்ல ருசியை மேலிருந்து புகட்ட நினைக்கிறவர்களுக்குச் சாமான்ய ரசிகர் சொல்லுகிற பதில் எப்போதும் இப்படி ஓசையில்லாததாகவே இருந்துவருகிறது.

அந்த இலங்கை வானொலியில் 1952ஆம் வருஷத்தின் முடிவில் அமீன் சயானி தொடங்கிய ‘பினாகா கீத்மாலா’ என்னும் இந்திப் பாட்டு வரிசை நிகழ்ச்சி புதன்கிழமைதோறும் இரவு எட்டு மணிக்கு ஒலிபரப்பாகும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பம்பாய் ஸ்டுடியோக்களில் வாசித்துப் பாடிப் பதிவான பாட்டுகளை, பம்பாயிலேயே அமீன் சயானி தம் அறிவிப்புகளோடு சேர்த்து ஒலிநாடாவில் தயார் செய்வார். நாடா விமானத்தில் கொழும்புக்குப் போகும். அங்கிருந்து சிற்றலையில் ஏறிக் கடலையும் தீபகற்பத்தையும் கடந்து, கரகரவென்ற இரைச்சலோடு பம்பாய்க்கே திரும்பி வரும். தாதரில் பதிவான பாட்டு மாஹிமுக்கு வருவதற்குக் கொழும்பைச் சுற்ற வேண்டியிருந்தது! இன்னொரு விசேஷம் மாஹிமுக்கே உரியது. புனித மைக்கேல் தேவாலயத்தில் 1948 முதல் புதன்கிழமைதோறும் நடந்துவரும் நவநாள் ஜபத்துக்கு இந்துக்களும் முஸ்லிம்களும்கூடக் கூட்டம் கூட்டமாக வருவார்கள். ஆகவே புதன்கிழமை மாலையில் மாதாவிடம் மெழுகுவர்த்தியும், இரவில் அமீன் சயானியிடம் காதும் என்று இந்த வட்டாரத்தில் ஒரு நியமம் ஏற்பட்டிருந்ததாகப் பழைய குடிகள் சொல்லிச் சிரிப்பார்கள்.

சர்க்கார் 1957 அக்டோபர் 3ஆம் தேதி, சினிமாப் பாட்டுக்கு இடம் தரும் விவித பாரதியைத் தொடங்கித் தன் பிடிவாதத்தைத் தளர்த்திக்கொண்டது. பத்து வருஷம் கழித்துப் பம்பாய், புனா, நாகபுரி நிலையங்களில் விளம்பரங்களும் வந்து சேர்ந்தன. ஆனால் தாராவித் தமிழர்களின் தமிழ்ப் பாட்டு விவித பாரதியால் வந்ததைவிட ரயிலில் வந்ததே அதிகம். கோடையில் ஊர்க் கோயில் கொடைக்குப் போகிறவர்கள், அங்கே பனைமரத்தில் கட்டிய குழாய்களில் மூன்று நாள் இரவு பகலாக ஒலித்ததையும், தென்கோடிக் கரையில் தெளிவாகக் கேட்கிற இலங்கைத் தமிழ் ஒலிபரப்பில் மயில்வாகனனும், பிற்காலத்தில் கே. எஸ். ராஜாவும் பி. எச். அப்துல் ஹமீதும் அறிமுகப்படுத்திய பாட்டுகளையும், கருப்பட்டியோடும் முறுக்கோடும் சேர்த்துக் கொண்டுவருவார்கள். புதிதாக வந்த பாட்டை யார் முதலில் பாடிக் காட்டுவது என்பதில், ஊருக்குப் போய் வந்த பையன்களுக்குத் தாராவிச் சந்துகளில் ஒரு வாரத்துக்கு ராஜமரியாதை.

ஊரில் இருந்த இன்னொரு வசதி இங்கே இல்லாமற் போனதையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டின் தனியார் பஸ்களில் ஏறுகிறவருக்கு டிக்கெட்டோடு பாட்டும் கிடைக்கும். எந்தப் பாட்டு என்பதை ஓட்டுநர் தீர்மானிப்பார். சங்கரன்கோயிலிலிருந்து திருநெல்வேலி போய்ச் சேருவதற்குள் இளையராஜாவின் ஒரு காலகட்டமே காதில் ஏறிவிடும். பம்பாயின் பெஸ்ட் பஸ் வாயைத் திறக்காது. மின்சார ரயிலும் பாடாது. அதில் பாடுகிறவர்கள் பிரயாணிகளே. காலை நேர வண்டிகளில் ஒரே பெட்டியில் தினந்தோறும் கூடுகிற பஜனை மண்டலிக்காரர்கள் தாளத்தை எடுத்துக்கொண்டு ‘விட்டல விட்டல’ என்று தொடங்கினால், தமிழ் குமாஸ்தாவும் இரண்டு ஸ்டேஷனுக்குள் கை தட்ட ஆரம்பித்துவிடுவார். அவருக்கு அபங்கத்தின் பொருள் பாதிதான் விளங்கும். மெட்டு முழுவதும் விளங்கும். தமிழ் ரசிகர் இந்திப் பாட்டைப் பாடுவதும், 2011 நவம்பரில் ‘கொலவெறி’ வந்தபோது மராத்திக்காரர்களும் குஜராத்திக்காரர்களும் அதைப் பாடியதும் இதே முறையில்தான். பொருள் தெரியாத பாட்டை ரசிக்கலாமா என்று பண்டிதர்கள் விவாதிக்கிறார்கள். மாஹிமில் அந்த விவாதத்துக்கு அவகாசமே கிடைப்பதில்லை.

வீட்டுக்குள் வருவோம். தாராவியின் அறை என்பது பெரும்பாலும் பத்துக்குப் பத்தடி, அதில் ஆறு பேர், ஏழு பேர், ரேடியோ ஒன்று. அதன் திருகு யார் கையில் இருந்ததோ அவருடைய ருசியே குடும்பத்தின் ருசி. குடும்பத் தலைவருக்கு எம்.ஜி.ஆர். பாட்டுப் பிடித்தால், சிவாஜி பாட்டுப் பிடித்த மனைவி அதை அடுத்த வீட்டுச் சுவர் வழியாகத்தான் கேட்டாக வேண்டும். நல்ல வேளையாகச் சுவர் தகரமாக இருந்தது. பெண்கள் பாட்டைத் தேர்ந்தெடுக்கவில்லையே தவிர, நாள் முழுவதும் கேட்டவர்கள் அவர்கள்தாம். அவர்களுடைய அபிப்பிராயம்தான் எனக்கு மிகவும் ருசிகரமாகத் தோன்றியிருக்கிறது. நகரம் முழுவதும் தலையில் சுமந்து விற்கப்படுகிற இட்லிகளுக்குத் தாராவியில் விடியுமுன்பே மாவு தயாராகிறதல்லவா? அந்தத் தொழிலில் முதுமையடைந்த ஆச்சி ஒருத்தியிடம், கல்லூரிக்குப் போகிற அவள் பேரனின் சிநேகிதன் ஒருநாள், “ஆச்சி, ஒங்களுக்கு யாரு பாட்டு ரொம்பப் பிடிக்கும்? சுசீலாவா, ஜானகியா?” என்று கேட்டான். ஆச்சி அரிசியிலிருந்து கண்ணை எடுக்காமல், “யாரு பாடுனா என்னலே? ஒரு பாட்டு முடியதுக்குள்ள ஒரு தட்டு ஊத்தி எடுக்கணும். நீட்டிப் பாடுனா இட்லி வெந்து கல்லாப் போயிரும்லா” என்றாள்.

சங்கீத சாஸ்திரத்தில் இப்படியொரு அளவுகோல் இல்லை. ஆனால் ஆச்சி சொன்னதில் தொழில்நுட்பச் சரித்திரம் ஒன்று அடங்கியிருக்கிறது. நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷத்துக்குச் சற்று அதிகமாகவே பாட்டு அடங்கும். அந்த நிர்ப்பந்தத்தால் சினிமாப் பாட்டு மூன்று, நான்கு நிமிஷ உருவமாகக் கட்டுப்பட்டது. நீண்ட இசைத்தட்டு வந்து, காஸெட்டு வந்து, கடைசியில் நீளத்துக்கு வரம்பே இல்லாத காலம் வந்த பிறகும் அந்த உருவம் பெரிதாக மாறவில்லை. ஏனென்றால், அதற்குள் ஜனங்களின் வேலைகள் அந்த அளவோடு பொருந்திப் போய்விட்டன. ஒரு வாளித் துணி அலசுவதற்கு மூன்று பாட்டு, மாஹிமிலிருந்து சர்ச்கேட் போய்ச் சேருவதற்கு ஏழெட்டுப் பாட்டு என்று நாளையே பாட்டால் அளக்கிறவர்களை எனக்குத் தெரியும்.

தண்டவாளத்துக்கு அந்தப் புறம் மாதுங்காவில் கதை வேறு. 1920களிலும் 30களிலும் குமாஸ்தா உத்தியோகத்துக்காக வந்து குடியேறிய தென்னிந்தியர்கள் அங்கே கோயிலும் பஜனை சமாஜமும் ஹோட்டலும் கட்டிக்கொண்டதோடு நில்லாமல், 1952இல் ஷண்முகானந்தா சபையையும் நிறுவினார்கள். சபையின் அரங்கம் 1963இல் திறக்கப்பட்டது. 1990இல் தீயில் நாசமாகி, 1998இல் மறுபடி எழுந்தது. 2,700 பேருக்கு மேல் உட்காரலாம். அந்த நாற்காலிகளில் அமர்ந்து தலையசைத்தவர்கள் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியதும் முணுமுணுத்தது பெரும்பாலும் முகமது ரஃபியின் பாட்டாகவே இருக்கும் என்று நான் ஊகிக்கிறேன். அவர்களுடைய பிள்ளைகளைப் பார்த்தால் அந்த ஊகம் பலப்படுகிறது. கர்நாடக சங்கீதம் வீட்டிலேயே குடியிருந்த குடும்பத்துப் பிள்ளையான ஹரிஹரன், மாதுங்கா டான் பாஸ்கோ பள்ளியில் படித்து, உருது கஜலில் பெயர் வாங்கி, அதன் பின்பே 1992இல் ‘ரோஜா’ மூலமாகத் தமிழ்ப் பாட்டுக்கு வந்தார். 1996இல் லெஸ்லி லூயிஸோடு சேர்ந்து ‘கலோனியல் கசின்ஸ்’ என்ற பெயரில் கர்நாடக ஸ்வரத்தையும் ஆங்கிலப் பாட்டையும் ஒன்றாக முடிந்து விற்றார். செம்பூரில் பிறந்து வளர்ந்த சங்கர் மகாதேவன், கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்து, 1998இல் ‘பிரெத்லெஸ்’ என்ற பாட்டால் நாட்டையே மூச்சுத் திணற வைத்தார். 2024இல் சக்தி குழுவோடு கிராமி விருதும் பெற்றார். இவர்களுக்கெல்லாம் முன்னோடியாக, 1947இல் பம்பாய்த் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த உஷா உதுப், பட்டுப் புடவையும் பெரிய பொட்டுமாகச் சென்னையின் இரவு விடுதியில் ஆங்கிலப் பாட்டுப் பாடி, கேட்டவர்களைத் திகைக்க வைத்தார்.

இவர்களில் எவரும் ஒரே ஒரு பாட்டுலகத்தில் வளர்ந்தவர்கள் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும். சுவருக்கு அப்பாலிருந்து வந்த பாட்டு, அழைக்காமலே வந்து உட்கார்ந்துகொண்ட பாட்டு, இவர்களுடைய குரலில் இருக்கிறது. குருவிடம் கற்றது எவ்வளவோ அவ்வளவு முக்கியம் பக்கத்து வீட்டு ரேடியோவிலிருந்து ஒட்டிக்கொண்டதும் என்பேன். நம் மாதுங்காப் பையன், நம் செம்பூர்ப் பையன் என்று சாமான்ய ரசிகர் உரிமை கொண்டாடுவதிலும் அர்த்தம் இல்லாமற் போகவில்லை.

ரசிகர் கைக்கு முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் வந்தது காஸெட்டோடு. 1980களில் தாராவி மெயின் ரோட்டிலும் தமிழர்கள் வாழ்ந்த மற்ற இடங்களிலும் தோன்றிய ரெக்கார்டிங் கடைகளுக்குப் போய், வேண்டிய பாட்டுகளைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தால், கடைக்காரர் தம்மிடமுள்ள இசைத்தட்டுகளிலிருந்து அறுபது நிமிஷ நாடாவிலோ தொண்ணூறு நிமிஷ நாடாவிலோ பதிந்து, பெட்டிக்குள் இருக்கும் அட்டையில் பாட்டின் முதல் அடிகளை அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுப்பார். உரிமைச் சட்டப்படி பார்த்தால் அது குற்றம். ஆனால் அந்தக் குற்றத்தைச் செய்யாத தமிழ்க் குடும்பம் அபூர்வம். முதல் பக்கம் கணவருக்கு, இரண்டாம் பக்கம் மனைவிக்கு என்று பாகப்பிரிவினை நடந்த வீடுகளும் உண்டு. நாடா தீர்ந்துபோகும் தறுவாயில் கடைக்காரர் தம் விருப்பத்துக்கு ஒரு பாட்டைச் சேர்ப்பார். சில வீடுகளில் அந்தப் பாட்டே எல்லாவற்றிலும் பிரியமானதாகிவிடும்.

அந்தக் காஸெட்டு யுகத்தின் நடுவில்தான் 1992 வந்தது. ஆகஸ்டில் ‘ரோஜா’ பாட்டுகள் சந்துகளில் ஒலித்தன. டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் கலவரம். மார்ச் 12ஆம் தேதி நகரெங்கும் குண்டுகள் வெடித்தபோது மாஹிமின் மீனவர் குடியிருப்பும் தப்பவில்லை. பண்டிகை மேளமும் ரேடியோவும் அடங்கிக் கிடந்த அந்த வாரங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். இரண்டு வருஷம் கழித்து, 1995இல், அந்தக் கலவரத்தையே கதையாகக் கொண்ட ‘பம்பாய்’ படத்தின் பாட்டுகள் தமிழிலும் இந்தியிலும் அதே சந்துகளுக்குள் வந்தன. ஏ. ஆர். ரஹ்மானின் இசையில் வாத்தியச் சேர்க்கை புதிது, ஒலிப்பதிவு புதிது என்றெல்லாம் அறிஞர்கள் எழுதினார்கள். இங்கிருந்த ரசிகர் கண்ட புதுமை வேறு. அதுவரை தமிழ்ப் பாட்டு தமிழ் வீட்டிலிருந்தும், இந்திப் பாட்டு இந்தி வீட்டிலிருந்தும் வரும். இப்போது ஒரே மெட்டு இரண்டு வீட்டிலிருந்தும் இரண்டு மொழியில் வந்தது. பிள்ளையார் ஊர்வலத்தில் பாஞ்ஜோ பார்ட்டிக்காரர்கள் ரஹ்மானின் மற்றொரு படப் பாட்டான ‘முக்காலா’வை வாசிக்க, அது தமிழ்ப் பாட்டா இந்திப் பாட்டா என்ற பிரச்னை இல்லாமல் தெரு முழுவதும் ஆடியது.

ஊர்வலத்தைக் குறிப்பிட்டதால் ஒலிபெருக்கியைப் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளையார் சதுர்த்தி, நவராத்திரி, மாஹிம் தர்காவின் உருஸ், தாராவியின் பொங்கல் என்று வருஷத்தில் பல நாட்கள் நம் காது நமக்குச் சொந்தமில்லை. இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் வருஷத்து மத்திய விதிகள் சொல்லுகின்றன. வருஷத்தில் சில நாட்களுக்கு நள்ளிரவு வரை மாநில அரசு சலுகை தரலாம். விதி நியாயமானது, நோயாளியும் குழந்தையும் பரீட்சைக்குப் படிக்கும் மாணவனும் உள்ள வீட்டில் இது ரசனைப் பிரச்னை அல்ல, ஆரோக்கியப் பிரச்னை. பக்தியின் பெயரால் ஜன்னல் கண்ணாடி அதிரும்படி ஒலியைக் கூட்டுகிறவர்களுக்கு நான் எந்தக் காலத்திலும் வக்காலத்து வாங்கமாட்டேன்.

சாமான்ய ரசிகரின் அபிப்பிராயங்களுக்கு வருகிறேன். “அந்தக் காலத்துப் பாட்டு மாதிரி வருமா?” என்பது முதலாவது, இதைச் சொல்லாதவர் கிடையாது. ஆனால் எந்தக் காலம் என்று துருவிக் கேட்டால், அறுபது வயதுக்காரர் இளையராஜாவையும், நாற்பது வயதுக்காரர் ரஹ்மானையும், முப்பது வயதுக்காரர் யுவன் சங்கர் ராஜாவையும் சொல்லுவார்கள். பருவ வயதிலும் வாலிபத் தொடக்கத்திலும் கேட்ட பாட்டுகளே மனத்தில் ஆழமாகப் பதிகின்றன என்பது மனோதத்துவ ஆராய்ச்சியில் திரும்பத் திரும்பத் தெரியவந்த விஷயம். ஆகவே இந்த அபிப்பிராயம் பாட்டைப் பற்றியதல்ல, வயதைப் பற்றியது. “வார்த்தையே புரியவில்லை, ஒரே இரைச்சல்” என்பது இரண்டாவது. இதில் ஓரளவு நியாயம் உண்டு. இன்றைய பாட்டில் தாளத்தை முன்னுக்குக் கொண்டுவந்து குரலைப் பின்னுக்குத் தள்ளுகிற பழக்கம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் இதைச் சொல்லுகிறவரே, ஒரு வார்த்தையும் புரியாத இந்திப் பாட்டை வாய்விட்டுப் பாடுவதையும் நான் கேட்டிருக்கிறேன். மூன்றாவது அபிப்பிராயம் அபூர்வமானது, அதைப் பெரும்பாலும் பெண்களே சொல்லுகிறார்கள்: “பாட்டு நல்லாத்தான் இருக்கு, ஆனா பிள்ளைங்க முன்னால வைக்க முடியலையே.” விமரிசகர்கள் இதை ஒழுக்கப் பிரசங்கம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பத்தடி அறையில் மாமனாரும் மருமகளும் பேரனும் ஒன்றாக உட்கார்ந்து கேட்கிற பாட்டு எத்தகையது என்பது அங்கே வாழ்கிறவளுக்கு நடைமுறைப் பிரச்னை. பாடலாசிரியர்கள் இந்த ஓர் அபிப்பிராயத்துக்காவது செவிசாய்க்கலாம்.

தாராவியின் இளைஞர்கள் கேட்பதோடு நின்றுவிடவில்லை. பத்துப் பதினைந்து வருஷங்களாக அங்கே ராப் பாட்டு ஒரு தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. ‘டோப்பாடெலிக்ஸ்’ என்ற குழுவினர் தமிழ், இந்தி, மராத்தி, ஆங்கிலம் நான்கையும், தெருவில் எப்படிப் பேசுகிறார்களோ அப்படியே, ஒரே மூச்சில் கலந்து பாடுகிறார்கள். பா. ரஞ்சித் இயக்கி, சந்தோஷ் நாராயணன் இசையமைத்து, 2018 ஜூன் 7ஆம் தேதி வெளிவந்த ‘காலா’வில் இவர்கள் பங்கு பெற்றார்கள். 1987இல் ‘நாயகன்’ படத்துக்காகத் தோட்டா தரணி சென்னையில் ஒரு தாராவியை நிர்மாணித்தார். ‘காலா’வுக்கும் சென்னையில் பெரிய தாராவி ஒன்று எழுப்பப்பட்டது. இரண்டு தடவையும் சந்துகள் செயற்கைதான். ஆனால் இரண்டாம் தடவை குரல் அசல் தாராவியிலிருந்து வந்தது. கிங்ஸ் சர்க்கிளில் அரோரா தியேட்டரில் ரஜினி படம் வெளியாகிற விடியற்காலைக் கொண்டாட்டத்தை அறிந்தவர்களுக்கு, தங்கள் தெருப் பையன்களின் குரல் அவருடைய படத்தில் ஒலித்தது என்ன பெருமிதத்தைக் கொடுத்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மறு வருஷம் ‘கல்லி பாய்’ என்ற இந்திப் படம் வந்து, இந்த விஷயத்தை நாடு முழுவதும் பேச வைத்தது. “இது பாட்டா, சண்டையா?” என்று தாத்தாக்கள் கேட்கிறார்கள், கேட்டுவிட்டு, பேரன் பாடுகிற பாட்டில் தங்கள் சந்தின் பெயர் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொள்ளவும் செய்கிறார்கள்.

2016க்குப் பின் கைபேசியில் இணையம் மலிவாகி, பாட்டு ஏறக்குறைய இலவசமாகிவிட்டது. எல்லாரும் காதில் செருகிக்கொண்டு தனித்தனித் தீவுகளாகிவிட்டார்கள் என்று புலம்புகிறவர்களோடு நான் சேரமாட்டேன். தாமே திருகைக் கையில் வைத்திருந்தவர்கள்தாம் பெரும்பாலும் அப்படிப் புலம்புகிறார்கள். தன் ஆயுளில் முதல் தடவையாகத் தனக்குப் பிடித்த பாட்டை, யாருக்கும் தொந்தரவில்லாமல், யாரிடமும் அனுமதி கேளாமல், பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்கிற மருமகளைப் போய்க் கேளுங்கள். அந்தச் சிறு கருவியை அவள் குறை சொல்லமாட்டாள். இட்ட வேலையைச் செய்தபடி, ஊரார் தேர்ந்தெடுத்த பாட்டையே கேட்டுக்கொண்டிருந்த அவளுடைய மாமியாருக்கு இந்தச் சுகம் கிடைக்கவில்லை.

ஆனால் தேர்ந்தெடுக்கும் வேலையை இப்போது இயந்திரம் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறது. செயல்படும் விதம் எளிது: நீங்கள் கேட்ட பாட்டுகளையே கேட்ட ஆயிரக்கணக்கானவர்கள் அடுத்து எதைக் கேட்டார்களோ அதை உங்கள் முன் நீட்டுகிறது. ஒருவர், ஒரு கைபேசி, ஒரு ருசி என்ற அனுமானத்தில் அமைந்த ஏற்பாடு இது. எங்கள் வட்டாரத்தில் அந்த அனுமானம் பலிப்பதில்லை. ஒரே கைபேசியில் விடியற்காலையில் பாட்டி கந்த சஷ்டி கவசம் கேட்கிறாள். தகப்பனார் இளையராஜாவைக் கேட்கிறார். பேரன் ராப் கேட்கிறான். பக்கத்து வீட்டு மராத்திப் பெண் வந்து கோலிப் பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டுப் போகிறாள். இயந்திரம் குழம்பிப்போய், கவசம் முடிந்த கையோடு ராப்பை எடுத்து வீசுகிறது. பாட்டி திடுக்கிட்டு, பிறகு அதையும் முழுக்கக் கேட்டுவிட்டு, “இவனும் முருகனைத்தான் கூப்பிடுதானோ என்னமோ” என்று சொன்னதாக அந்த வீட்டில் ஒரு கதை உண்டு. குழம்பிய இயந்திரம் இவ்விதத்தில் பழைய தகரச் சுவரின் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. அது தெளிந்துவிடாமல் இருக்கட்டும் என்பதே என் பிரார்த்தனை.

ஒரே ஒரு குறை. ‘கீத்மாலா’வின் வரிசை இசைத்தட்டு விற்பனையையும் ரேடியோ சங்கங்களின் வாக்குகளையும் கொண்டு அமைந்தது, இன்றைய வரிசைகள் இயந்திரக் கணக்கால் அமைகின்றன. இசைத்தட்டு வாங்காத, சங்கத்தில் சேராத, தாராவியின் தமிழ் ரசிகர் எந்தப் பாட்டை நேசித்தார் என்பதற்கு எந்தக் கணக்கிலும் சாட்சி இல்லை, ஒன்றைத் தவிர: ரெக்கார்டிங் கடைக்காரர் அட்டையில் எழுதிக் கொடுத்த அந்தப் பட்டியல்கள். அவற்றில்தான் முருகன் பாட்டுக்கு அடுத்தபடி இந்தி டிஸ்கோவும், அதற்கடுத்து ஊர்க் கொடையில் கேட்ட வில்லுப்பாட்டும், வெட்கமோ வேலியோ இல்லாமல் வரிசையாக நிற்கின்றன. இப்போது தாராவியைப் புதுப்பித்துக் கட்டும் வேலை நடக்கிறது. வீடு மாற்றுகிறவர்கள் பரணைக் காலி செய்து, காஸெட்டுகளைப் பழைய சாமான் வாங்கும் ரத்திக் கடையில் போடுகிறார்கள். நகரத்தின் பழைய பிளாஸ்டிக் எல்லாம் வந்து சேருகிற பதின்மூன்றாம் காம்பவுண்டில் அவை பொடியாகி மணியாகிவிடும். உங்கள் வீட்டுப் பரணிலும் அப்படிப்பட்ட காஸெட்டுகள் இருக்கக்கூடும். பிளாஸ்டிக்கை வேண்டுமானால் அனுப்பிவிடுங்கள். அட்டைகளை மட்டும் எடுத்து வைத்து, எந்தத் தெரு, எந்தக் கடை, எந்த வருஷம், யாருக்காகப் பதிந்தது என்று பின்புறத்தில் எழுதி வையுங்கள்.